பி.பி. மாத்திரை நுரையீரலைக் காக்குமா?

ஒரு மருந்தைச் சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகள் காட்டுகின்றன. அப்படியென்றால் அந்த மருந்துதான் உயிரைக் காத்தது என்று சொல்லிவிடலாமா? கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்து நல்ல உதாரணம் மெட்டோப்ரோலால். நம்மில் பலர் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கிற சாதாரண பி.பி. மாத்திரைதான்.

இது 'பீட்டா பிளாக்கர்' வகை மருந்து. அட்ரினலின் இதயத்தில் உள்ள பீட்டா-1 ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால் துடிப்பு வேகமாகும். இந்த மருந்து பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி அந்த இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். இதயம் நிதானமாகும், ரத்த அழுத்தம் குறையும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மூச்சுக்குழாயிலும் பீட்டா-2 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. மூச்சு முட்டும்போது அடிக்கிற சால்புடமால் இன்ஹேலர் அவற்றைத் தூண்டித்தான் குழாயை விரிக்கிறது. பீட்டா பிளாக்கர் அதற்கு நேர் எதிர் வேலை செய்துவிடலாம். மெட்டோப்ரோலால் பெரும்பாலும் பீட்டா-1ஐத்தான் குறிவைக்கும் என்றாலும், நுரையீரல் நோயாளிக்கு இந்த வகை மருந்தை எழுத டாக்டர்கள் ரொம்ப காலம் தயங்கினார்கள்.

அந்த நோயாளிகளில் முக்கியமானவர்கள் சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள். பல வருஷம் பீடி, சிகரெட் பிடித்ததாலோ விறகடுப்புப் புகையைச் சுவாசித்ததாலோ மூச்சுக்குழாய்கள் சுருங்கி, நுரையீரலின் காற்றறைகள் சிதைந்துபோகும். தினசரி மூச்சிரைப்பு ஒரு பக்கம். அவ்வப்போது நோய் திடீரென்று முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருப்பது இன்னொரு பக்கம். பலருக்கு இதய நோயும் சேர்ந்தே இருக்கும்.

இந்த நிலையில்தான் ஆச்சரியமான முடிவுகள் வந்தன. ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியில் 5,977 சி.ஓ.பி.டி. நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியானது. பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களிடம் இறப்பு 22 சதவீதம் குறைவு! வேறு சில ஆய்வுகளும் இதே திசையில்தான் சுட்டின. எதற்குப் பயந்தோமோ அதுவே மருந்தாகிவிடும் போலிருந்தது. மலிவான, பழகிய மாத்திரை வேறு. ஆசை வராமல் இருக்குமா?

ஆனால் பதிவேட்டைப் புரட்டிச் செய்யும் ஆய்வுகளில் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, யாருக்கு மருந்து கொடுத்தார்கள் என்பது. நுரையீரல் மோசமாக இருப்பவருக்கு டாக்டர் பயந்து பீட்டா பிளாக்கரைத் தவிர்த்திருப்பார், ஓரளவு தேறியவருக்கு எழுதியிருப்பார். பிறகு கணக்குப் பார்த்தால் மருந்து எடுத்தவர்கள் நன்றாக இருப்பதாகத்தானே தெரியும்?

இரண்டாவது கண்ணி கொஞ்சம் நுட்பமானது. எண்பது வயதில் சதாபிஷேகம் செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று ஒருவர் புள்ளிவிவரத்தோடு நிரூபிக்கலாம். புள்ளிவிவரம் சரிதான். ஆனால் எண்பது வரை இருந்தால்தானே சதாபிஷேகமே! அதே மாதிரி, ஆய்வு தொடங்கி மூன்றாம் வருஷம் மருந்தை ஆரம்பித்தவர் அதுவரை உயிரோடு இருந்தவர். அந்த மூன்று வருஷத்தையும் மருந்தின் கணக்கில் எழுதினால் எந்த மருந்தும் அமுதமாகிவிடும்.

இரண்டையும் தவிர்க்க நேரான வழி, யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வது. அமெரிக்காவில் 26 மையங்களில் அதைத்தான் செய்தார்கள். 40 முதல் 85 வயது வரையிலான 532 சி.ஓ.பி.டி. நோயாளிகளில் ஒரு பாதிக்கு மெட்டோப்ரோலால், மறு பாதிக்கு அதே போலத் தெரியும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களையும், இதயத்துக்காக அது கட்டாயம் தேவைப்படுபவர்களையும் சேர்க்கவில்லை.

முடிவு 2019இல் வந்தது. நோய் முதல் முறை முற்றுவதற்கு ஆன காலம், மருந்து எடுத்தவர்களுக்கு 202 நாள், எடுக்காதவர்களுக்கு 222 நாள் (இடைநிலை அளவு). அதாவது சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு முற்றும் ஆபத்து, மருந்து எடுத்தவர்களிடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிகிச்சைக் காலத்தில் இறந்தவர்கள் அந்தப் பக்கம் 11 பேர், இந்தப் பக்கம் 5 பேர். எண்ணிக்கை சிறியது, இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. இருந்தாலும் பலன் தெரியாமல் ஆபத்து மட்டும் தெரிந்ததால் ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

பிறகு பிரிட்டனில் இதே வகையைச் சேர்ந்த பிசோப்ரோலாலை வைத்து ஒரு சோதனை நடந்து, 2024இல் முடிவு வெளியானது. ஒருவருக்கு வருஷத்தில் நோய் முற்றிய தடவை சராசரியாக மருந்தோடு 2.03, வெற்று மாத்திரையோடு 2.01. இங்கே பெரிய தீங்கும் தெரியவில்லை, நன்மையும் இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் செய்யக்கூடாத ஒரு காரியம் உண்டு. மாரடைப்புக்குப் பிறகோ இதயச் செயலிழப்புக்காகவோ இந்த மாத்திரையைச் சாப்பிடுபவர், சி.ஓ.பி.டி. இருக்கிறதே என்று தானாக நிறுத்திவிடக் கூடாது. அவர்களைப் பற்றி அமெரிக்க ஆய்வு எதுவும் சொல்லவில்லை, அவர்கள் அதில் இடம்பெறவே இல்லை. பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரக்கூடும். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். ஆய்வு சொன்னது இவ்வளவுதான்: இதயத்துக்குத் தேவைப்படாதவர்களுக்கு, நுரையீரலைக் காக்க என்று மட்டும் இதைக் கொடுப்பதில் பலன் இல்லை.

'இதைச் சாப்பிட்டவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள்' என்ற செய்தி வாரம் ஒன்றாவது வாட்ஸ்அப்பில் வருகிறது. காபி, வெந்தயம், வைட்டமின் என்று பெயர்தான் மாறும். அப்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்கிற கேள்விகள் இரண்டே: யார் அதைச் சாப்பிட்டார்கள்? எந்த நாளிலிருந்து எண்ணினார்கள்?