விமானத்தில் ஏறிய கொலைகாரன் யார்?

ஆகாயத்தில் ஒரு விமானம் பறக்கிறது. உள்ளே பயணிகள் சிரித்துப் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கொலைகாரன்!

அவன் யார்? பத்திரிகை படிக்கிறவனா? கண்ணை மூடித் தூங்குகிறவனா?

1975-ம் ஆண்டில் அமெரிக்காவில், டெலிவிஷனுக்கு என்றே ஒரு படம் எடுத்தார்கள். "மர்டர் ஆன் பிளைட் 502" என்பது அதன் பெயர். நியூயார்க்கில் இருந்து லண்டனுக்கு ஒரு விமானம் புறப்படுகிறது. புறப்பட்ட பிறகு, விமான நிலையத்தில் ஒரு கடிதம் அகப்படுகிறது. "விமானம் தரை இறங்கும் முன் கொலை நடக்கும்" என்று மிரட்டும் கடிதம்! விமானியாக ராபர்ட் ஸ்டாக் நடித்தார். படம் முடிவதற்குள் கொலைகாரன் அகப்பட்டு விடுகிறான். பார்த்தவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

நிஜ வாழ்க்கையில் அப்படி நடக்கிறதா?

காஷ்மீர் பிரின்சஸ்

நம் நாட்டு விமானம் ஒன்றிலேயே கொலைச் சதி நடந்தது உண்டு. அது ஏர் இந்தியாவின் "காஷ்மீர் பிரின்சஸ்" என்ற விமானம்.

1955 ஏப்ரல் 11-ந் தேதி அது ஹாங்காங்கில் இருந்து இந்தோனேசியாவுக்குப் பறந்தது. சீனப் பிரதமர் சூ என்லாய் அதில் வருவார் என்று நினைத்து, எதிரிகள் வெடிகுண்டு வைத்தார்கள். சூ என்லாய் அதில் ஏறவில்லை. நடுவானில் குண்டு வெடித்தது. தீப்பற்றிய விமானம் கடலில் விழுந்தது. 16 பேர் மாண்டார்கள். 3 பேர் மட்டும் தப்பினார்கள்.

கடலுக்குள் கிடந்த சிதைவுகளில் கடிகாரக் கருவியின் துண்டுகள் கிடைத்தன. அதை வைத்துத் துப்பு துலக்கினார்கள். ஹாங்காங் விமான நிலையத்தில் வேலை பார்த்த ஒருவன் மீது சந்தேகம் விழுந்தது. அவன் அதற்குள் தைவானுக்கு ஓடி விட்டான்.

பார்த்தீர்களா? அங்கேயும் கொலைகாரன் விமானத்துக்குள் இல்லை!

இனி நம் நீலகிரிக்கு வருவோம். இங்கே நடந்தது அதைவிட விசித்திரமானது. இங்கே கொன்றவனுக்கு முகமே இல்லை.

கோத்தகிரியில் விழுந்த விமானம்

கோத்தகிரிக்குக் கிழக்கே ரங்கசாமி சிகரம் இருக்கிறது. அதன் அருகே, தூண் நட்டது போல ஒரு பாறை தனியாக நிற்கிறது. அதற்கு "ரங்கசாமித் தூண்" என்று பெயர்.

1950 டிசம்பர் 13-ந் தேதி. பம்பாயில் இருந்து தெற்கே வந்த ஏர் இந்தியா விமானம் ஒன்று, இந்தத் தூணுக்கு அருகே மலையில் மோதி நொறுங்கியது. உள்ளே இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

மாண்டவர்களில் ஒரு வெளிநாட்டுத் தம்பதியும் இருந்தார்கள். கணவர் பெயர் ஆபிரகாம் வால்ட். வயது 48. இந்திய அரசாங்கத்தின் அழைப்பின் பேரில், மனைவியுடன் சொற்பொழிவுப் பயணம் வந்தவர்.

யார் இந்த வால்ட்?

திரும்பாத விமானங்கள்

அவர் ஒரு கணித மேதை. புள்ளிவிவர நிபுணர். யூத குலத்தில் பிறந்தவர். ஆஸ்திரியாவை ஹிட்லர் பிடித்த 1938-ம் ஆண்டில் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். பின்தங்கிய உறவினர்களில் பெரும்பாலோரை நாஜிகள் கொன்று விட்டார்கள்.

இரண்டாவது உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. குண்டு வீசப் போன விமானங்கள் பல திரும்பவில்லை. திரும்பியவற்றின் மேல் எங்கே பார்த்தாலும் ஓட்டை. இறக்கையில் ஓட்டை, உடலில் ஓட்டை. என்ஜினில் மட்டும் ஓட்டை குறைவு.

இரும்புத் தகடு போட்டு விமானத்தைக் காக்க வேண்டும். எல்லா இடத்திலும் போட்டால் பாரம் தாங்காது. எங்கே போடுவது?

"ஓட்டை அதிகம் உள்ள இடத்தில்தானே போட வேண்டும்?" என்று நமக்குத் தோன்றும்.

வால்டின் கணக்கு வேறு விதமாகச் சொன்னது. ஓட்டை இல்லாத இடத்தில்தான் தகடு வேண்டும்!

ஏன்? நீங்கள் எண்ணிப் பார்த்தவை எல்லாம் திரும்பி வந்த விமானங்கள். இறக்கையில் அடிபட்டும் அவை வந்து சேர்ந்து விட்டன. என்ஜினில் அடிபட்டவை எங்கே? அவை வரவே இல்லை. ஆகவே, என்ஜினில் பட்ட அடிதான் கொலைகாரன்!

திரும்பாத விமானத்தின் கதையைக் கணக்குப் போட்டுக் கண்டு பிடித்தார் வால்ட். அவர் ஏறிய விமானமே நீலகிரியில் இருந்து திரும்பவில்லை. அப்போது அவருடைய மகன் ராபர்ட்டுக்கு வயது மூன்று. அந்தக் குழந்தை வளர்ந்து பெரிய பௌதிக விஞ்ஞானி ஆனார்.

மலையும் மேகமும்

கோவை விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,300 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 50 கிலோமீட்டருக்குள் மலை சுவர் போல எழுகிறது. தொட்டபெட்டா சிகரம் 8,650 அடி! ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழை பெய்யும். பள்ளத்தாக்கில் இருந்து மேகம் குபுகுபு என்று ஏறும். இந்த நிமிஷம் தெரிந்த மலை, அடுத்த நிமிஷம் தெரியாது.

மேகத்துக்குள் புகுந்தால் அனுபவம் உள்ள விமானிக்கும் தடுமாற்றம் வரும். மேலே போகிறோமா, கீழே போகிறோமா, சாய்ந்து இருக்கிறோமா என்பது உடம்புக்குத் தெரியாது. என்ஜின் நன்றாக ஓடும். இறக்கை நன்றாக இருக்கும். ஆனால் எதிரே மலை நிற்கும்.

71 ஆண்டுகளுக்குப் பிறகு

2021 டிசம்பர் 8-ந் தேதி நடந்ததை நாடு மறக்கவில்லை. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், மனைவியுடன் சூலூரில் இருந்து ராணுவ ஹெலிகாப்டரில் புறப்பட்டார். வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் பேசப் போனார். பகல் 12-15 மணிக்கு இறங்க வேண்டும். 12-08 மணிக்குத் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தது. ஊர் மக்கள் குடத்தில் தண்ணீரும் கையில் கம்பளியுமாக ஓடினார்கள். ஆனாலும் என்ன? அதில் சென்ற 14 பேரில் 13 பேர் அன்றே மாண்டார்கள். உயிருக்குப் போராடிய குரூப் கேப்டன் வருண் சிங், ஒரு வாரம் கழித்து இறந்தார்.

"சதியா? யார் செய்தது?" என்று நாடே கேட்டது.

முப்படை விசாரணை நடந்தது. 2022 ஜனவரியில் முடிவு வெளியாயிற்று. சதி இல்லை; எந்திரக் கோளாறு இல்லை; அலட்சியம் இல்லை. பள்ளத்தாக்கில் திடீர் என்று பருவநிலை மாறியது. ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது. விமானிக்குத் திசை மயக்கம் ஏற்பட்டது என்று சொன்னார்கள்.

கொலைகாரனுக்கு விலங்கு

இந்தக் கொலைகாரனைப் பிடிக்கவும் ஒருவர் பாடுபட்டார். அவர் கனடாவில் பிறந்த என்ஜினீயர் டான் பேட்மேன். தரை நெருங்கினால் "மேலே ஏறு! மேலே ஏறு!" என்று விமானிக்குக் குரல் கொடுக்கும் கருவியை உருவாக்கினார். 1974-ல் அமெரிக்காவில் ஒரு பயணி விமானம் மலையில் மோதி 92 பேர் மாண்டார்கள். அதன் பிறகு, பெரிய பயணி விமானங்களில் இந்தக் கருவி இருந்தே ஆக வேண்டும் என்று அங்கே உத்தரவு வந்தது. 1990-களில் உலகத்து மலைகளின் படத்தையும் கருவிக்குள் புகுத்தினார்கள். இப்போது எதிரே உள்ள மலையையும் அது முன்கூட்டியே சொல்லி விடும். பயணி விமானங்கள் மலையில் மோதுவது மிகவும் குறைந்து விட்டது.

ஆனால் மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறும் நம் காருக்கு அந்தக் குரல் கிடையாது.

மூடுபனியில் நிறுத்தச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். "இருபது வருஷமாக இந்த மலையில் ஓட்டுகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!" என்பார்கள்.

வால்டை நினைத்துக் கொள்ளுங்கள். அப்படிச் சொல்கிறவர் திரும்பி வந்தவர். திரும்பி வராதவர், நம்மிடம் வந்து சொல்ல முடியுமா?

மலையில் மேகம் இறங்கினால், ஓரமாக வண்டியை நிறுத்துங்கள். ஒரு டீ குடியுங்கள். மேகம் விலகட்டும். வீட்டில் குழந்தைகள் காத்து இருக்கிறார்கள்.