"எங்கட நாய் கடிக்காது"

இங்கிலாந்தில் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கும் சைல்ட்மைண்டர் வேலையை நம்மவர்களும் செய்கிறார்கள். அந்த வேலையைத் தொடங்க நினைக்கிறவர் வீட்டில் ஒரு நாயும் இருந்தால் முதலில் எழும் கேள்வி, "நாய் இருந்தால் விடுவார்களா?" என்பதுதான். விடுவார்கள். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சம்பளத்துக்கு உங்கள் வீட்டில் ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் பார்ப்பதென்றால் பிள்ளைப் பராமரிப்பைக் கண்காணிக்கும் அரச அமைப்பான ஒஃப்ஸ்டெட்டிலோ சைல்ட்மைண்டர் ஏஜென்சி ஒன்றிலோ பதியவேண்டும். நாய் இருப்பதால் மட்டும் அந்தப் பதிவை மறுக்கமாட்டார்கள். ஆனால் பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் நாய் எங்கே இருக்கும், யார் அதைக் கவனிப்பது, வீட்டுத் துப்புரவு எப்படி என்பவற்றுக்கு உங்களிடம் தெளிவான விடை இருக்கவேண்டும்.

அந்த இடத்தில்தான் பலர் சொல்வது: "எங்கட நாய் கடிக்காது." இந்த ஒரு வசனத்தை நம்பவேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சின்னப்பிள்ளைகளைக் கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவை அந்தப் பிள்ளைக்குப் பழக்கமான நாய்கள். பெரும்பாலும் கடிப்பதும் வீட்டுக்குள்தான். பிள்ளையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருப்பதால் காயம் கையிலும் காலிலும் நிற்பதில்லை. தலையிலும் முகத்திலும் கழுத்திலும் படுகிறது. உங்கள் நாய் உங்கள் குடும்பத்தோடு ஏழு வருடம் பேசாமல் இருந்திருக்கலாம். அதன் காதைப் பிடித்து இழுக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளையும், அதன் படுக்கையில் விழுந்து புரளும் மூன்று வயதுப் பிள்ளையும், ஓயாமல் அழும் கைக்குழந்தையும் காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஆறு மணிவரை தன் வீட்டில் இருப்பதை அது இதுவரை கண்டதில்லை.

தனியாக வேலை செய்யும் சைல்ட்மைண்டர் ஒரே நேரத்தில் எட்டு வயதுக்குக் குறைந்த 6 பிள்ளைகள்வரை பார்க்கலாம். அவர்களில் இன்னும் முழுநேரப் பாடசாலைக்குப் போகாத வயதினர் பொதுவாக 3 பேர். அந்த மூவரில் ஒரு வயது நிரம்பாதது ஒன்று. இனி உங்கள் கண் எங்கே இருக்கும் என்று பாருங்கள். ஒரு பிள்ளைக்கு நாப்கின் மாற்றும்போது இரண்டு கையும் கட்டுப்பட்டிருக்கும். பால் கரைக்கும்போது முதுகு மற்றவர்கள் பக்கம் இருக்கும். நாயும் பிள்ளையும் ஒன்றாக இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு பெரியவரின் கண் வேறெங்கும் போகாமல் அவர்கள் மேல் இருக்கவேண்டும் என்பது விதியென்றால், இந்த வேலையில் அப்படிக் கிடைக்கும் நிமிடங்கள் மிகக் குறைவு. ஆகவே என் முடிவு இது: பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் நாய் வேறிடத்தில் இருப்பதே வழக்கமாக இருக்கட்டும். சேர்ந்திருப்பது, நீங்கள் நினைத்துச் செய்கிற ஐந்து நிமிடமாக இருக்கட்டும்.

அந்த ஐந்து நிமிடத்துக்கு நாயின் பேச்சு தெரிந்திருக்கவேண்டும். வாலாட்டினால் அன்பு என்று நம் மொழியே நம்மைப் பழக்கிவிட்டது. வால் ஆடுவது நாய் கிளர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். உடம்பு விறைத்து, வால் உயர்ந்து, நுனி மட்டும் வேகமாக ஆடுகிற நாயிடம் பிள்ளையை விடக்கூடாது. அதற்கும் முன்னால் வரும் அறிகுறிகள் மிகச் சின்னவை. சாப்பாடு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்கும். நித்திரை வராமலே கொட்டாவி விடும். தலையை மற்றப் பக்கம் திருப்பும். கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும். எழுந்து போகப் பார்க்கும். பிரிட்டனைச் சேர்ந்த மிருக வைத்தியர் கெண்டல் ஷெப்பர்ட் இவற்றை ஓர் ஏணியாக வரைந்து காட்டினார்: அடிப்படியில் கொட்டாவி, இடையில் பதுங்கலும் விறைப்பும், மேலே உறுமல், உச்சியில் கடி. கீழ்ப்படிகளை நாம் கவனிக்காமல் விட்டால் நாய் அடுத்த படிக்கு ஏறுகிறது.

உறுமும் நாயைத் திட்டவோ அடிக்கவோ வேண்டாம். உறுமல் அது நமக்குத் தரும் எச்சரிக்கை. உறுமினால் அடி விழும் என்று கற்ற நாய் உறுமாமலே கடிக்கப் பழகும். அந்த நேரத்தில் பிள்ளையைத் தூக்குங்கள், நாய்க்கு வழி விடுங்கள். பிறகு எதனால் உறுமியது என்று யோசியுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதும் அதிகமில்லை. நித்திரை கொள்ளும் நாயிடமும் சாப்பிடும் நாயிடமும் போகக்கூடாது. கட்டிப்பிடிக்கக்கூடாது, பிள்ளைக்கு அது அன்பு, நாய்க்கு மாட்டிக்கொண்ட உணர்வு. நாய் தானாக வந்தால் முதுகையோ நெஞ்சையோ மெல்லத் தடவலாம், வராவிட்டால் விட்டுவிடவேண்டும். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை இதை நினைவில் வைத்திருக்கும் என்று எண்ணி வேலியைத் தளர்த்தாதீர்கள். சொல்லிக்கொடுப்பது பிள்ளைக்கு, பாதுகாப்பு உங்கள் பொறுப்பு.

வேலி என்றேன். குசினிக்கும் விளையாடும் அறைக்கும் நடுவில் படிக்கட்டுக் கேற் ஒன்றைப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கம்பிக்கிடையில் பிஞ்சு விரல் போகும், நாயின் வாயும் போகும். பெரிய நாய் பாய்ந்தும் வரும். இரண்டு தடுப்பு வையுங்கள்: ஒன்று மூடிய கதவு, மற்றது கேற். கதவை யாராவது திறந்துவிட்டாலும் இன்னொன்று நிற்கும். மிக ஆபத்தான நேரம் காலையும் மாலையும் பிள்ளைகளை விடவும் எடுக்கவும் பெற்றோர் வரும் கால்மணி நேரம். மணி அடிக்கும், நாய் குரைக்கும், முன்கதவு திறந்து கிடக்கும், தாய் ஏதோ கேட்டுக்கொண்டிருப்பார், ஒரு பிள்ளை ஓடும். முதல் மணி அடிக்க முன்பே நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடவேண்டும். வெளியே போகும்போதும் நாயின் கயிற்றைத் தள்ளுவண்டியில் கட்டாதீர்கள். பூனை ஒன்றைக் கண்டு அது இழுத்தால் வண்டி பிள்ளையோடு சரியும்.

இப்படியென்றால் நாயின் பாடு என்ன? இதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம். பத்து மணி நேரம் மூடிய அறையில் கிடப்பது அதற்கு வாழ்க்கையாகாது. வளர்ந்த நாயையே நாலு மணி நேரத்துக்கு மேல் தனியே விடவேண்டாம் என்றுதான் பிரிட்டனின் நாய் நல அமைப்புகள் சொல்கின்றன. பிள்ளைகள் மத்தியானம் தூங்கும் நேரத்தில் நீங்கள் அவர்களை விட்டு வெளியே போகவும் முடியாது. அதனால் காலையில் பிள்ளைகள் வருமுன் நல்ல நடை, நடுப்பகலில் வீட்டார் ஒருவரோ சம்பளத்துக்கு நாய் நடத்துபவரோ வந்து கூட்டிப்போவது, மாலையில் உங்கள் முழுக் கவனம். இதற்கு ஆளோ காசோ இல்லையென்றால், ஏற்கெனவே நாய் இல்லாதவர் இந்த வேலைக் காலத்தில் புதிதாக நாய் எடுக்கவேண்டாம். குட்டி வேண்டவே வேண்டாம். குட்டியும் ஒரு கைக்குழந்தைதான், பல்லும் உண்டு.

துப்புரவில் முக்கியமானது நாயின் வட்டப்புழு. அதன் முட்டை பிள்ளையின் வாய்க்குள் போனால் அரிதாகக் கண்பார்வையைக்கூடக் கெடுக்கும். ஆனால் புதிய மலத்தில் உள்ள முட்டை தொற்றாது. மண்ணில் சில வாரம் கிடந்தபிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அதனால் தினமும் தோட்டத்தைப் பார்த்து அன்றன்றே அள்ளிவிட்டு, மிருக வைத்தியர் சொன்ன தவணையில் புழு மருந்தும் கொடுத்தால் ஆபத்தின் பெரும்பகுதி போய்விடும். நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள், சல்மொனெல்லா போன்ற கிருமிகள் தரையெங்கும் பரவும். மறுபக்கமும் உண்டு: பிள்ளை கீழே போடும் திராட்சையும் முந்திரிகை வற்றலும் சொக்கிலேட்டும் நாய்க்கு நஞ்சு.

பெற்றோரிடம் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே நாய் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். சிலருக்கு ஒவ்வாமை. நாயை அறையில் அடைப்பதால் அது தீராது, ஏனென்றால் அதன் தோல் துகளும் உமிழ்நீரும் கம்பளத்திலும் சோபாவிலும் தங்கியிருக்கும். முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு நாயின் உமிழ்நீர் பட்டால் கழுவித் துப்புரவாக்கவேண்டும் என்ற விதி உண்டு. ஊரில் நாயை வளவுக்குள் மட்டும் வைத்துப் பழகிய நம்மவர் சிலருக்கு வீட்டுக்குள் நாய் என்பதே ஒவ்வாது. எவரையும் சமாதானப்படுத்தி இணங்க வைக்காதீர்கள். இணங்குகிறவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் நாயைப் பற்றி எழுதி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

சட்டத்தில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும். 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம் 2014இல் திருத்தப்பட்ட பிறகு இங்கிலாந்திலும் வேல்சிலும் உங்கள் சொந்த வீட்டுக்குள்ளும் செல்லும். நாய் கட்டுப்பாடில்லாமல் ஒருவரைக் காயப்படுத்தினால் 5 வருடம்வரை சிறை விழலாம். கடிக்கவேண்டும் என்றுகூட இல்லை. கடித்துவிடும் என்று ஒருவர் நியாயமாகப் பயப்படும்படி நாய் நடந்தாலே குற்றமாகலாம்.

ஒருவேளை கடித்துவிட்டால், முதலில் நாயை வேறறையில் அடையுங்கள். காயத்தைக் குழாயின் வெதுவெதுப்பான நீரோட்டத்தில் சில நிமிடம் கழுவி, வைத்தியரிடம் காட்டுங்கள். முகத்தில் என்றால் நேரே ஆஸ்பத்திரி. இங்கே நாய்களில் விசர்நோய் இல்லை, ஊர் நினைவில் அதற்குப் பதறவேண்டாம். ஆனால் நாயின் வாய்க் கிருமியால் காயம் சீழ்ப்பிடிக்கும், ஆகவே சின்னக் கீறல் என்றும் விடவேண்டாம். பெற்றோருக்கு உடனே சொல்லி, நேரமும் நடந்ததும் எழுதி வையுங்கள். காயம் பாரதூரமானதென்றால் 14 நாளுக்குள் ஒஃப்ஸ்டெட்டுக்கோ நீங்கள் பதிந்த ஏஜென்சிக்கோ அறிவிக்கவேண்டும். நாயை மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்: காது வலியாலோ மூட்டு நோவாலோ கடித்திருக்கலாம். வயதான நாய்க்கு இப்படியான நோவு அடிக்கடி வரும். எட்டு வருடம் பிள்ளைகளோடு பொறுமையாக இருந்த நாய்க்குக் காது மங்கி, இடுப்பு நோகத் தொடங்கியிருந்தால், கடிக்கும்வரை காத்திராமல் இன்றைக்கே அதன் படுக்கையைப் பிள்ளைகள் போகாத அறைக்கு மாற்றிவிடுங்கள்.