மலைக் குளிரில் வேலை: சட்டம் எதுவரை துணை வரும்?

தையிலிருந்து பங்குனி வரை இரவில் இறங்கும் குளிரும் பகலில் அடிக்கும் வறண்ட காற்றும்தான் இலங்கையின் திம்புள்ளத் தேயிலைக்கு மணத்தையும் ஏலத்தில் நல்ல விலையையும் தருகின்றன. அந்தக் குளிர்க் காலைகளில்தான் பெண்கள் பனி சொட்டும் செடிகளுக்குள் இறங்கி, விறைத்த விரல்களால் கொழுந்து கிள்ளுகிறார்கள். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் இடுப்பில் கட்டிய படங்கைத் தாண்டி உடுப்பும் நனைந்துவிடும். நிறை குறைந்தால் அரைப் பேர்தான் (அரை நாள் சம்பளம்) விழும் என்ற பயத்தில் யாரும் கரையேறுவதில்லை. குளிரில் விளையும் கொழுந்துக்கு விலை உண்டென்றால், அதைப் பறிக்கும் உடம்புக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

ஆபத்து எது?

ஈர உடுப்பும் காற்றும் சேர்ந்தால், உறைபனி விழாத நாளிலும் உடம்புச் சூடு வேகமாக இறங்கும். விரல் மரத்துப்போனால் கவ்வாத்துக் கத்தி பிடி நழுவும், சரிவில் கால் வழுக்கும். உடல் வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறித் தள்ளாடினால், குளிர் விட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம், நிலைமை முற்றிவிட்டது. ஈர உடுப்பை மாற்றி, கம்பளியால் போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் சீனி போட்ட சுடுதேநீர் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள். சாராயம் கொடுக்கவே கூடாது. அது உடம்பின் சூட்டை இன்னும் இறக்கிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, வேலை செய்யும் அறையில் நியாயமான வெப்பநிலை இருக்க வேண்டும். இரவில் கொழுந்து வாட்டும் மாடியில் நிற்பவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் மலையில் நிற்பவர்களை இச்சட்டம் எட்டாது. பிரித்தானியாவில் அறைக்குள் வேலை செய்வோருக்கு 16 பாகை, கடும் உடலுழைப்பென்றால் 13 பாகை என்று வழிகாட்டல் உண்டு. அங்கும் திறந்தவெளிக்கு அளவு இல்லை.

ஆனாலும் மலையில் வேலை செய்பவர் கைவிடப்பட்டவர் அல்லர். வேலையின்போது, வேலை காரணமாக விபத்து நேர்ந்தால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நட்டஈடு கேட்கலாம். பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலை 2022இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதன் உறுப்பு நாடான இலங்கைக்கும் அந்த உரிமையை மதிக்கும் கடமை உண்டு.

என்ன செய்யலாம்?

• குளிரால் சுகவீனமானால், சிறிதென்று விடாமல் தோட்ட ஆஸ்பத்திரியில் காட்டிப் பதியச் சொல்லுங்கள். அங்கே தரும் துண்டை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

• விழுந்தாலோ வெட்டுப்பட்டாலோ அன்றே கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் சொல்லுங்கள். திகதி, நேரம், மலை, பார்த்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

• குறையைத் தோட்டத் தலைவர் மூலம் துரைக்கு எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

• தீர்வு இல்லையென்றால் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். தமிழும் அரசகரும மொழி.

தனியாகக் கேட்கத் தயங்குபவர்கள் சேர்ந்து கேளுங்கள். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் நல்ல மழைக்கோட்டு, மலைக்குப் பக்கத்தில் ஈரம் படாத ஒதுங்கிடம், சுடுதேநீர், கடும் மழை நாளில் நிறைக் கணக்கில் தளர்வு ஆகிய நான்கையும் எழுதிக் கொடுங்கள். தொழிற்சாலை வாசலோடு நின்றுவிட்ட சட்டத்தைத் தேயிலை மலைக்கும் கொண்டுவருமாறு தொழிற்சங்கங்களையும் மலையக நாடாளுமன்ற உறுப்பினர்களையும் வற்புறுத்துங்கள்.