வீராம்பட்டினம் தோப்பில் மூன்று நாள்

கல்லூரி நண்பர்கள் சந்திப்பு என்றால் இப்போதெல்லாம் ஏசி ரிசார்ட், பஃபே சாப்பாடு, ஒரு குரூப் போட்டோ, அத்தோடு சரி. நாங்கள் ஐந்து பேர். எல்லோருக்கும் அறுபது தாண்டியாச்சு. பொங்கல் முடிந்த கையோடு வீராம்பட்டினத்தில் நண்பன் ஒருவனின் தென்னந்தோப்பு வீட்டில் மூன்று நாள் தங்கினோம். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் தாண்டியதும் வரும் மீனவர் ஊர். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். ஓட்டு வீடு, கயிற்றுக் கட்டில், காலையில் மாப்பிள்ளைச் சம்பா கஞ்சி. டிவி கிடையாது.

பக்கத்திலேயே அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்து ரோமானிய மது ஜாடித் துண்டுகளை எடுத்த இடம். மரங்களுக்கு நடுவே நிற்கும் செங்கல் சுவரைப் பார்த்து அதுவும் ரோமர் கட்டியதுதான் என்று நினைத்துவிடக் கூடாது. அது 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மிஷன் கட்டடம். 1770களில் பிஞ்ஞோ தெ பெஹைன் என்ற பாதிரியார் இந்த ஊரில் குருமடக் கல்லூரி நடத்தினார். கீழைநாட்டுப் பிள்ளைகள் கடல் கடந்து வந்து படித்தார்கள். வியட்நாம்–லத்தீன் அகராதி ஒன்று 1773இல் இங்கேதான் உருவானது. "அப்போ அவங்க நமக்கு சீனியர்டா" என்றான் ஒருவன்.

முதல்நாள் ராத்திரியே தோப்புக்காரன் விஷயத்துக்கு வந்துவிட்டான். "ரிசார்ட்டுக்குக் கேக்குறாங்கடா. குரும்பை கொட்டுது, கிணத்துல உப்பு ஏறுது. கொடுத்துடலாம்னு இருக்கேன்."

கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால், ஆழமாக போர் போட்டால், அடியில் இருக்கிற உப்பு மேலே வரும். நீச்சல் குளத்தோடு ரிசார்ட் வந்தால் இவன் கிணறு மட்டுமா, பக்கத்துக் கிணறுகளும் போகும். இதைத்தான் அவனிடம் சொன்னேன். விலையைப் பற்றிப் பேசவில்லை. வங்கியில் இருந்தவனுக்கு அதுதான் முதலில் வாயில் வரும், அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் இறங்கி வேலை பார்த்தோம். ஒரு மரத்துக்கு 100 தேங்காய் மட்டை. தூரைச் சுற்றி 6 அடி தூரத்துக்குக் கவிழ்த்துப் பரப்பினால் ஈரம் காயாது, இறைப்பும் குறையும். மட்டை தீர்ந்த இடத்தில் காய்ந்த ஓலை, மரத்துக்கு 15. இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம் என்று இன்ஜினியர் நண்பன் புலம்பினான். ஆனாலும் நாலு மரம் முடித்தான்.

மூன்றாம் நாள் விடியலில் கரைக்குப் போனோம். படகுகள் வந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. குழம்புக்கு நெத்திலி வாங்கினோம். செதில், குடல், தலை எல்லாம் ஒரு ஓரத்தில் குவிந்து கிடந்தது. "எடுத்துக்கிட்டுப் போங்கண்ணா, காசு வேணாம்" என்றது மீன் நறுக்கும் அம்மா. இப்படிக் கழிவு கிடைக்கிற ஊரில் உரக்கடைக்குப் போவானேன்?

உப்பு போடாத கழிவு 5 கிலோ, பொடித்த வெல்லம் 5 கிலோ, பிளாஸ்டிக் வாளியில் கலந்து மூடி நிழலில் வைத்தோம். 21 நாளில் நாற்றம் போய்ப் பழவாடை வரும், அதுதான் பக்குவம். வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து காய்கறிக்கு மாலையில் தெளிக்கலாம். நாய், பூனை தேடி வரும். மூடிமேல் கல் வைக்க மறக்காதீர்கள்.

மட்டை பரப்பிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடையாளம் வைத்திருக்கிறோம். அடுத்த மழைக்காலம் வரை பொறுக்கச் சொல்லி ரிசார்ட்காரரிடம் போனில் பேசிவிட்டான். வாளி திறக்கிற நாளில் கடலூர் நண்பன் வந்து ஒரு பாட்டில் எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் மாடித் தோட்டத்தில் கத்தரி வைத்திருக்கிறான்.