ஏட்டில் விடுபட்ட வீரம்

போர்க்களத்தில் ஒருவன் ஆற்றிய அருஞ்செயல் இரண்டு இடங்களிற் பதிவாகின்றது. ஒன்று கண்டாருடைய நெஞ்சம். மற்றொன்று அரசாங்கத்தின் ஏடு. கண்டார் மறையும்போது முன்னையது மறைந்துபோகும். பின்னையதோ நிலைத்து நிற்கும். ஆதலின், ஏட்டில் ஏறாத வீரம் இரண்டு தலைமுறைக்குள் இல்லாத வீரமாகிவிடுகின்றது. பிழைபட ஏறிய பெயரின் நிலையோ அதனினும் இரங்கத்தக்கது. உண்மையை அறிந்தவர் வாயடைத்து நிற்க, பொய்யே சான்றாகிவிடுகின்றது.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் அமைக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துரைக்கின்றது. கண்ட சான்றோர் உயிரோடிருக்கும் காலத்திலேயே அவன் பெயரையும் செயலையும் கல்லிற் பொறித்துவிடுதல் அவர் கண்ட வழி. இக்காலத்தில் அக்கல்லின் இடத்தை அரசாங்கத்தின் கடதாசி பெற்றுள்ளது. அக்கடதாசியிற் பெயர் விடுபட்டாலும் பிழைபட்டாலும் அதனை எவ்வாறு திருத்துவது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு முதற்சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. நாம் வாழும் ஊவா மண்ணே அதனை வைத்திருக்கின்றது.

ஊவா தரும் சான்று

1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள் கண்டி இராச்சியம் உடன்படிக்கை ஒன்றினால் பிரித்தானியர் கைக்கு மாறியது. ஈராண்டு கழிந்து, 1817ஆம் ஆண்டில், ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் கிளர்ச்சி எழுந்தது. கண்டி அரச குலத்தவன் எனத் தன்னைக் கூறிக்கொண்ட வில்பாவே என்பவன் அதற்கு முன்னிலையாக நின்றான். பதுளையிலிருந்து நிலைமையை ஆராயச் சென்ற பிரித்தானிய அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் அவ்வாண்டு செத்தெம்பர் மாதத்திற் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்குமாறு ஊவாவின் திசாவையாகிய மொனறவில கெப்பெட்டிப்பொல அனுப்பப்பட்டார். அவரோ கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்து அவர்களுக்குத் தலைவராயினார்.

1818ஆம் ஆண்டு சனவரி மாதம் 10ஆம் நாள், தேசாதிபதி சேர் றொபேட் பிரவுன்றிக் ஓர் அறிவித்தல் வெளியிட்டார். அதில் 19 பேர் துரோகிகளெனப் பெயர் குறித்து அறிவிக்கப்பட்டனர். அப்பட்டியல் ஊன்றி நோக்கத்தக்கது. அதிற் பலர் தம் இயற்பெயராற் குறிக்கப்பட்டாரல்லர். ஊரும் பதவியுமே அவர்க்குப் பெயராயின. இன்ன ஊர் ரட்டேராள, இன்ன ஊர் மொகொட்டால, கதிர்காமத்துப் பெத்மேராள என்றவாறே அவர் ஏட்டில் ஏறினர். அதே ஆண்டு நவம்பர் மாதம் 26ஆம் நாள் கெப்பெட்டிப்பொல கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய மண்டையோடு எடின்பரோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

இதன் பின் நிகழ்ந்தவையே நம் பொருளுக்கு இன்றியமையாதன. நாடு 1948ஆம் ஆண்டிற் சுதந்திரம் பெற்றது. 1954ஆம் ஆண்டில் அம்மண்டையோடு தாய்நாடு திரும்பிக் கண்டி நகரில் நினைவுச் சின்னத்தின்கீழ் வைக்கப்பட்டது. பாடநூல்கள் கெப்பெட்டிப்பொலவை வீரரெனப் போற்றின. ஆயினும், அவரைத் துரோகி என்ற அறிவித்தல் இரத்தாகாமலே கிடந்தது. 2016ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திலேதான் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதனை இரத்துச் செய்து, அப்பத்தொன்பதின்மரையும் தேசிய வீரராக அறிவித்தார். பிழை எழுதப்பட்டதற்கும் அது திருத்தப்பட்டதற்கும் இடையே ஏறத்தாழ 199 ஆண்டுகள் கழிந்தன.

இவ்வரலாறு நமக்கு இரண்டு உண்மைகளைக் கற்பிக்கின்றது. போற்றுதல் வேறு, பதிவைத் திருத்துதல் வேறு என்பது முதலாவது. சிலையும் விழாவும் நூறு இருப்பினும், எழுதிய ஏடு தானே மாறிவிடாது; எந்த அதிகாரம் எந்த வடிவில் எழுதியதோ, அந்த அதிகாரத்தின் வழிவந்ததே அந்த வடிவில் மாற்றி எழுதவேண்டும். திருத்தம் பெயர் உள்ளவர்க்கே எட்டும் என்பது இரண்டாவது. 2016இல் 19 பெயர்கள் திருந்தின. இராணுவ நீதிமன்றத்தால் மரணதண்டனை பெற்றோரும் மொரிசியசுக்கு நாடுகடத்தப்பட்டோருமாக மேலும் 81 பேர் 2017இல் அவ்வரிசையிற் சேர்க்கப்பட்டனர். அவர்கள் பெயர் எங்கோ எழுதப்பட்டிருந்தமையால் அது கைகூடிற்று. வயலும் வீடும் எரியுண்டு மாண்ட ஊவாவின் குடியானவர்க்கோ, திருத்துதற்கேனும் ஒரு வரி இல்லை.

பதிவு பிழைபடும் வகை

இனி, போர்வீரன் ஒருவனுடைய சேவைப் பதிவினை நோக்குவோம். அவன் பெறவேண்டிய விருது விடுபடுதல் மூவகைப்படும்.

விருது வழங்கப்பட்டும் ஏட்டிற் சரியாக ஏறாமை முதலாம் வகை. இஃது எழுதுவோர் பிழை. 1999ஆம் ஆண்டு கார்கில் போரில், புலிக்குன்றைக் கைப்பற்றிய சமரிற் பல குண்டுகள் பாய்ந்தும் போராடிய யோகேந்திர சிங் யாதவ் என்னும் இளைஞருக்கு இந்தியாவின் அதியுயர் விருதாகிய பரம் வீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. அஃது இறந்தவர்க்குரிய விருதாகவே அறிவிக்கப்பட்டது. ஆனால், அவரோ மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். இறந்தவர் அதே பெயருடைய வேறொரு வீரர். ஒரே பெயர் இருவருக்கு அமைந்ததனால் உயிரோடிருந்தவர் ஏட்டில் இறந்தவரானார். சான்றுக்கு அவரே இருந்தமையால் அப்பிழை விரைவில் திருந்தியது.

பதிவு இருந்தும் அழிந்துபோதல் இரண்டாம் வகை. 1973ஆம் ஆண்டு யூலை மாதம் 12ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் மூண்ட தீ, 160 இலட்சம் முதல் 180 இலட்சம் வரையான சேவைக் கோவைகளை அழித்தது. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியோர் கோவைகளில் நூற்றுக்கு 80 அதில் மறைந்தன. அவ்வீரர்கள் பொய் சொல்பவரல்லர். ஆயினும் அவர் கூற்றுக்கு அரசாங்கத்திடம் ஆதாரம் இல்லாதாயிற்று.

தகுதி இருந்தும் விருது வழங்கப்படாமை மூன்றாம் வகை. கண்டவர் அனைவரும் மடிதல், மேலதிகாரி பரிந்துரை எழுதாமை, நிறமும் இனமும் நோக்கி மதிப்பைக் குறைத்தல் ஆகியன இதற்குக் காரணமாகும். இரண்டாம் உலகப் போரில் ஐக்கிய அமெரிக்காவின் அதியுயர் வீரப்பதக்கம் கறுப்பின வீரர் ஒருவருக்கேனும் வழங்கப்படவில்லை. மறு ஆய்வு நிகழ்ந்த பின், 1997ஆம் ஆண்டில் எழுவருக்கு அது வழங்கப்பட்டது. அந்நாளில் அவர்களுள் உயிரோடிருந்து பெற்றவர் வேர்ணன் பேக்கர் ஒருவரே. 2000ஆம் ஆண்டில் ஆசிய வழிவந்த 22 பேர் அவ்வாறே தரம் உயர்த்தப்பட்டனர்.

திருத்தும் முறை

முதலிரு வகைகளையும் திருத்துதல் ஒப்பீட்டளவில் எளிது. ஐக்கிய அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, இராணுவப் பதிவுகளைத் திருத்துதற்கெனச் சபைகள் அமைக்கப்பட்டன. பிழையை அறிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வீரனோ, அவன் இறந்திருப்பின் உரிய உறவினரோ விண்ணப்பிக்கவேண்டும்; நீதி வேண்டுமிடத்து அக்கால எல்லையைச் சபை தளர்த்தலாம். பிழை உண்டென நாட்டும் பொறுப்பு விண்ணப்பிப்போரையே சாரும். தான் பட்ட துன்பத்தை விரித்துரைத்தல் சான்றாகாது. அந்நாளிலேயே எழுதப்பட்ட கட்டளைப் பிரதி, படைப்பிரிவின் நாட்குறிப்பு, மருத்துவமனைக் குறிப்பு, உடனிருந்தவரின் சத்தியக்கடதாசி என்பவையே சான்றாகும்.

மூன்றாம் வகை எத்துணை அரிது என்பதை அவுஸ்திரேலியாவின் தெடி சீயன் வரலாறு காட்டும். 1942ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 1ஆம் நாள், தீமோர்த் தீவை அண்டிய கடலில் ஆமிடேல் என்னும் போர்க்கப்பல் யப்பானிய விமானங்களால் தாக்குண்டு மூழ்கியது. கப்பலைக் கைவிடுமாறு கட்டளை பிறந்த பின்னரும், 18 வயதினராகிய சீயன் துப்பாக்கியோடு தம்மைப் பிணைத்துக்கொண்டு, நீரில் தத்தளித்த தோழரைக் காக்கச் சுட்டவண்ணமே கடலில் ஆழ்ந்தார். அந்நாளில் அவர்க்குக் கிடைத்தது, போர் அறிக்கையிற் பெயர் குறிக்கப்படும் சிறப்பு மட்டுமே. பின்னாளில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. எனினும் பதிவு மாறவில்லை. 2013இல் நிகழ்ந்த விசாரணை விக்டோரியாச் சிலுவையைப் பரிந்துரைக்கவில்லை. 2019இல் நடுவர் மன்றம் ஒன்று பரிந்துரைத்தது. 2020இன் நடுப்பகுதியில் அரசாங்கம் அதனை மறுத்தது. மீண்டும் ஒரு குழு ஆராய்ந்த பின், அவ்வாண்டிலேயே விருது வழங்கப்பட்டது. 78 ஆண்டுகள் கழிந்த பின் கிடைத்த அவ்விருது, உறவினரும் ஊரவரும் சளையாது முயன்றதன் பயன். கப்பலுக்குப் பெயரிட்டமை பதிவைத் திருத்தியதாகாது என்பது, கெப்பெட்டிப்பொலவின் வரலாறு நமக்குக் காட்டிய முதல் உண்மையோடு ஒத்திருத்தல் காண்க.

நீக்குதலும் திருத்தமே

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். கேட்போர்க்கெல்லாம் பதக்கம் கொடுப்பின் பதக்கத்துக்கு மதிப்பேது? நியாயமான வினாவே. 1917ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா தன் அதியுயர் வீரப்பதக்கப் பட்டியலை ஆராய்ந்து, தகுதியின்றி இடம்பெற்றனவென 911 பெயர்களை நீக்கியது. அவற்றுள் உள்நாட்டுப் போரிற் பணிபுரிந்த மருத்துவர் மேரி வோக்கர் என்னும் பெண்மணியின் பெயரும் ஒன்று. அது 1977இல் மீளச் சேர்க்கப்பட்டது. சேர்த்தலும் நீக்கலும் மீளச் சேர்த்தலும் ஆகிய மூன்றும் ஒரே துலாக்கோலால் நிறுக்கப்படவேண்டியவை. ஐயத்துக்கு இடமான பெயரைத் துணிந்து நீக்கும் ஏடே, விடுபட்ட பெயரைச் சேர்க்கும்போதும் நம்பத்தக்கதாகும்.

தோட்டமும் ஏடும்

நம் தோட்டப்புறத்தை எடுத்துக்கொள்வோம். 1900ஆம் ஆண்டில் அமைந்த இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை ஐரோப்பியர்க்கே உரியதாயிருந்தது. 1914இல் அப்படையினர் எகிப்துக்குச் சென்றனர். பின்னர் கலிப்பொலிச் சமரிலும் பங்குகொண்டனர். அவர்கள் சென்ற தோட்டங்களிற் கொழுந்தெடுத்தோர்க்கும் கவ்வாத்து வெட்டினோர்க்கும் அப்படையில் இடமில்லை. ஆதலின் அதன் ஏட்டிலும் இடமில்லை. பேரரசு முழுவதும் இந்நிலையே. பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை, முதலாம் உலகப் போரில் மடிந்தோருள் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயர் பொறிக்கப்படாமலோ நினைவே கூரப்படாமலோ விடப்பட்டனர் என ஒப்புக்கொண்டது. அவர்களுட் பெரும்பாலோர் ஆபிரிக்காவையும் மத்திய கிழக்கையும் சேர்ந்தவர்.

ஏட்டின் வலிமையை மலையக மக்களுக்குப் பிறர் எடுத்துரைக்கவேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பிறப்புச் சான்றும் தந்தை வழிச் சான்றும் கேட்டபோது, பசறையிலும் நமுனுகுலையிலும் அப்புத்தளையிலும் பல லயங்களில் அவை இருக்கவில்லை. இருந்தவற்றிலும் செக்றோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கோயிற் கணக்கில் ஒரு பெயர் என மாறுபட்டன. இராமசாமி என்னும் பெயர் ஒரே பிரட்டுக்களத்திற் பத்துப் பேருக்கு உண்டு. புலிக்குன்றில் ஒருமுறை நிகழ்ந்த பெயர் மயக்கம் நம் தோட்டங்களில் நாளாந்த நிகழ்ச்சியன்றோ?

நம் கடன்

ஆதலின், நம் கல்லூரியின் பழைய மாணவர்க்கு இவ்விழா மலர் வாயிலாக நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. எந்நாட்டுப் படையிலாயினும், பொலிசு முதலிய எச்சேவையிலாயினும் உங்கள் குடும்பத்தில் யாரேனும் பணிபுரிந்திருப்பின், அவர் கடதாசிகளைத் தேடி எடுங்கள். சேவை இலக்கம், படைப்பிரிவின் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகிய நான்கையும் தனித்தாளில் எழுதி வையுங்கள். பெயர் இருவகையாக எழுதப்பட்டிருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கும் எனச் சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். உடன் பணிபுரிந்தோர் உயிரோடிருப்பின், அவர் கண்டதை அவர் வாய்மொழியாகவே நாளும் இடமும் குறித்து எழுதிக் கையொப்பம் பெறுங்கள். மூலப்பிரதியை எவரிடமும் கொடாது, பிரதி எடுத்தே அனுப்புங்கள்.

இவற்றாற் பதக்கம் வரும் என நாம் உறுதி கூறோம். வராமலும் போகலாம். ஆயினும், பின்வரும் தலைமுறையில் ஒருவர் திருத்தம் கோரி எழும் நாளில், அவர் கையிற் பற்றிக்கொள்ள ஒரு வரியேனும் இருக்கும். 1818இன் ஊவாக் குடியானவர்க்கு அந்த ஒரு வரி வாய்க்கவில்லை. அதனை எழுதிவைத்தல் எழுத்தறிவு பெற்ற நம் ஒவ்வொருவர்க்கும் உரிய கடனாகும்.