செப்பேடும் உடன்படிக்கையும்

மட்டாஞ்சேரிக்குச் செல்லும் நம் மாணவர்கள் பெரும்பாலும் மூன்றைக் கண்டு திரும்புகின்றனர். அரண்மனைச் சுவரோவியம் ஒன்று. சுக்கும் மிளகும் மணக்கும் பண்டகசாலைத் தெரு மற்றொன்று. நீலப் பூவேலை கொண்ட சீன ஓடுகள் பதித்த யூதர் தொழுகைக்கூடம் மூன்றாவது. நானும் இம்மூன்றையும் காணவே சென்றேன். திரும்பும்போது ஒரு கேள்வியையும் சுமந்து வந்தேன். ‘இஸ்ரவேல் என்பவர் யார்?’ என்பதே அக்கேள்வி.

கேள்வி அன்று பிறந்ததன்று. நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் பிறந்தவன். ஊர்ப் பெயரே விவிலியத்திலிருந்து வந்தது. மாலை வேண்டுதலில் என் பாட்டி, “இஸ்ரவேலின் தேவனே” என்று அழைப்பார். சிறுவனாயிருந்தபோது ஒருநாள், “பாட்டி, இஸ்ரவேல் யாரு?” என்றேன். “நாமதாம்யா” என்றார் பாட்டி, சிறிதும் தயங்காமல். பல ஆண்டுகள் நானும் அவ்வாறே நம்பியிருந்தேன்.

2023 அக்டோபரில் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. அத்திங்கள் 7ஆம் நாள் இஸ்ரேலில் நிகழ்ந்த படுகொலையும், அதன்பின் காசாவில் மூண்ட போரும் நம் விடுதி உணவுக்கூடத்திலும் எதிரொலித்தன. நண்பர் ஒருவர், “அந்த நாடு அவர்களுக்கென்று மறைநூலிலேயே எழுதியிருக்கிறதே! பிறகு வழக்கென்ன?” என்றார். மற்றொருவர் என்னை நோக்கி, “யூதனுடைய நூலையும் பெயரையும் எடுத்துக்கொண்டு, உரியவனை வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் நீங்கள்தாமே?” என்றார். இருவருக்கும் விடை கூற என்னால் இயலவில்லை. விடை தேடிப் படித்தேன். படித்தவற்றை, மட்டாஞ்சேரியில் கண்டவற்றோடு சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

உடன்படிக்கை என்பது யாது?

நம் நாட்டார் ‘பழைய ஏற்பாடு’, ‘புதிய ஏற்பாடு’ என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். ‘ஏற்பாடு’ என்றதும் திருமண ஏற்பாடும் விழா ஏற்பாடும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், இங்கே அச்சொல் உடன்படிக்கையைக் குறிக்கிறது. எபிரேயத்தில் ‘பெரித்’ என்பர். இரு திறத்தார் தம்முள் செய்துகொள்ளும் உறுதிப்பாடு அது. விவிலியத்தின் இரு பகுதிகளும் இச்சொல்லால் பெயர் பெற்றிருப்பதிலிருந்தே இதன் சிறப்பு விளங்கும்.

இதனை எனக்கு நன்கு விளக்கியது ஒரு செப்பேடு. மட்டாஞ்சேரி யூதர் பேணிவந்த அச்செப்பேடு, சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் தன் 38ஆம் ஆட்சியாண்டில் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகர் தலைவருக்கு அளித்தது. கி.பி. 1000ஐ ஒட்டியது என்று ஆராய்ச்சியாளர் கணிப்பர். கிரந்த எழுத்துக்கள் விரவிய வட்டெழுத்தில், தமிழும் மலையாளமும் இன்னும் முற்றப் பிரியாத நடையில் அமைந்தது. பல்லக்கு, குடை, பகல்விளக்கு முதலாக 72 உரிமைகளை மன்னன் அவருக்கு வழங்கினான். வரிகள் சிலவற்றையும் நீக்கினான். உலகும் திங்களும் உள்ளளவும் அவை நிலைக்கும் என்றான். யாருக்கு? ஜோசப் ரப்பானுக்கு மட்டுமன்று. அவர் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் மருமக்களுக்கும், பெண்மக்களை மணந்துவந்த மருமகன்மாருக்கும் சேர்த்தே அளித்தான்.

இந்த ஒரு பட்டயத்தில் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. கொடுத்தவர் யார்? பெற்றவர் யார் யார்? நிபந்தனை உண்டா? விவிலிய உடன்படிக்கைகளைப் பற்றிக் கிறித்தவர் இரண்டாயிரம் ஆண்டுகளாக நடத்திவரும் வாதமும் இம்மூன்று கேள்விகளைச் சுற்றியதே.

வாக்குகள் ஐந்து

விவிலியத்தில் ஐந்து உடன்படிக்கைகள் தலையாயவை. வெள்ளம் வடிந்தபின் நோவாவோடு செய்தது முதலாவது. அது மாந்தர் அனைவர்க்கும் உரியது. வானவில் அதன் அடையாளம். ஆபிரகாமோடு செய்தது இரண்டாவது. அதில் வாக்குகள் மூன்று: வழித்தோன்றல்கள் பெருகுவர், நாடு கிடைக்கும், அவரால் உலகின் இனங்களெல்லாம் வாழ்த்துப் பெறும். சீனாய் மலையில் மோசேயின் வழியாகச் செய்தது மூன்றாவது. தாவீதின் அரசமரபு நிலைபெறும் என்றது நான்காவது. சட்டத்தைக் கல்லில் அன்றி நெஞ்சில் எழுதும் புதிய உடன்படிக்கை ஒன்று வரும் என்று எரேமியா அறிவித்தது ஐந்தாவது.

ஆபிரகாமுக்கும் தாவீதுக்கும் அளித்தவை பெரும்பாலும் கொடைப் பட்டயம் போன்றவை. மன்னன் ரப்பானுக்கு அளித்ததைப்போல், கொடுப்பவர் தம்மையே கட்டிக்கொள்கிறார். சீனாய் உடன்படிக்கையோ ஒப்பந்தம் போன்றது; நீதி வழுவினால் நாட்டை இழப்பீர் என்ற எச்சரிக்கை அதில் உண்டு. நிலம் எனக்கே உரியது, நீங்கள் என்னிடம் தங்கியிருக்கும் அயலாரே என்று கடவுள் கூறுவதாக லேவியராகமம் சொல்கிறது. ஆதலின், ‘நாடு எழுதிக் கொடுக்கப்பட்டது’ என்ற நண்பர் பட்டயத்தின் முதற்பக்கத்தைப் படித்து, அடுத்த பக்கத்தைப் படிக்காமல் விட்டார் எனலாம்.

ஒரு சொல், பல பொருள்

‘இஸ்ரவேல்’ என்ற சொல்லைக் கத்தோலிக்கர் ‘இஸ்ரயேல்’ என்பர். முதலில் அது ஒரு மனிதனின் பெயர். இரவெல்லாம் மற்போர் புரிந்த யாக்கோபு பெற்ற பெயர். பின் அவர் மக்களாகிய பன்னிரு குலங்களுக்கு ஆயிற்று. பின் கி.மு. 722ஐ ஒட்டி அசீரியரிடம் வீழ்ந்த வடநாட்டு அரசுக்கு ஆயிற்று. எஞ்சிய யூதேயரும் அவர் வழிவந்த யூதரும் தம்மை அப்பெயராலேயே அழைத்துக்கொண்டனர். 1948 மே 14இல் தோன்றிய குடியரசும் அப்பெயரைச் சூடியது. இவற்றுக்கிடையே, கிறித்தவச் சபையும் அப்பெயருக்கு உரிமை கொண்டாடியது. யாக்கோபும் பாட்டியும் இன்றைய அரசும் ஒரே சொல்லுக்குள் நின்றால் குழப்பம் நேராதிருக்குமா?

கிறித்தவர் கூறும் விடைகள்

இயேசுவின் முதற்சீடர் அனைவரும் யூதரே. கடைசி இரவுணவில் இயேசு கிண்ணத்தை எடுத்துப் புதிய உடன்படிக்கை என்றபோது, எரேமியாவின் வாக்கையே அவர் நினைவூட்டினார் என்பது கிறித்தவர் அனைவர்க்கும் உடன்பாடு. அதன்பின் பழைய வாக்கு என்னாயிற்று என்பதில்தான் அவர்கள் பிரிகின்றனர்.

முதல் விடை இது: யூதர் மேசியாவை ஏற்காமையால், அவர்தம் இடத்தைச் சபை பெற்றுவிட்டது. இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின், திரிபோ என்னும் யூதரோடு உரையாடுவதாக எழுதிய நூலில், மெய்யான இஸ்ரவேல் கிறித்தவரே என்று வாதிட்டார். பல நூற்றாண்டுகள் இதுவே ஆட்சி செலுத்தியது. இழிவும் வெறுப்பும் இதன் நிழலில் வளர்ந்தன. அந்த நிழல் நம் கடற்கரைக்கும் வந்தது. 1560இல் கோவாவில் போர்த்துகீசியர் நிறுவிய சமய விசாரணை மன்றம், யூதராயிருந்து கிறித்தவரானோரையும் வேட்டையாடியது. 1662இல் மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடமும் அவர்கள் தாக்குதலுக்குள்ளாயிற்று. யூதர் டச்சுக்காரர் பக்கம் நின்றனர் என்ற அரசியல் பகையும் அதில் கலந்திருந்தது. அடுத்த ஆண்டில் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபின்னரே கூடம் மீண்டும் தலைநிமிர்ந்தது.

இரண்டாம் விடை, சீர்திருத்தச் சபைகளில் கால்வின் வழிவந்தோர் கூறுவது. அருளின் உடன்படிக்கை ஒன்றே. ஆபிரகாம் காலத்தில் ஒரு முறையிலும் கிறிஸ்துவுக்குப்பின் வேறொரு முறையிலும் அது நடைபெறுகிறது என்பர். 1646-47இல் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையில் இதனைக் காணலாம். நாடு என்ற வாக்கு உலகனைத்துக்குமாக விரிந்துவிட்டது என்பது இவர்களுள் பலர் கொள்கை.

மூன்றாம் விடைக்கு வித்திட்டவர் ஜான் நெல்சன் டார்பி (1800–1882). இஸ்ரவேல் வேறு, சபை வேறு. யூதருக்குச் சொன்ன நிலவாக்கு எழுத்துக்கு எழுத்து நிறைவேறும் என்றார் அவர். 1909இல் வெளிவந்த ஸ்கோபீல்டு குறிப்புரை விவிலியம் இதனைப் பரப்பியது. 1948க்குப்பின் இதன் செல்வாக்கு வளர்ந்தது. கேரளத்திலும் தமிழகத்திலும் சகோதர சபையார், பெந்தெகொஸ்தே சபையார் பலரிடம் இக்கருத்தைக் கேட்கலாம்.

நான்காவது, ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டபின் சபைகள் தம் நெஞ்சைத் தாமே சோதித்துக் கண்ட விடை. 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, யூதரைக் கடவுளால் தள்ளப்பட்டோர் என்றோ சபிக்கப்பட்டோர் என்றோ காட்டலாகாது என்றது. யூதரோடு செய்த உடன்படிக்கை ஒழிக்கப்படவில்லை என்று இன்று பல சபைகள் கற்பிக்கின்றன.

இந்நால்வர் பேச்சிலும் இடம்பெறாத குரல் ஒன்று உண்டு. அது பாலஸ்தீனக் கிறித்தவர் குரல். முதல் நூற்றாண்டிலிருந்து அந்நிலத்தில் கிறித்தவம் தொடர்ந்து வாழ்கிறது. வாக்கு என்பது ஒருவரை வீட்டைவிட்டு வெளியேற்றும் உரிமைச்சீட்டு ஆகாது என்று 2009இல் அவர்கள் கூட்டாக வெளியிட்ட கைரோஸ் அறிக்கை வாதிட்டது. 2023 அக்டோபர் 19இல், காசாவின் பழமையான புனித போர்பிரியஸ் ஆலய வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் பலர் இஸ்ரேலிய வான்தாக்குதலில் மாண்டனர். ‘இஸ்ரவேலின் தேவனே’ என்று அவர்களும்தாம் வேண்டியிருப்பர்!

ஒட்டுக்கிளை

இவ்வளவு விடைகளுக்கும் அடியிலே ஒரே பகுதி கிடக்கிறது. பவுலடிகள் ரோமருக்கு எழுதிய திருமுகத்தின் 9 முதல் 11 வரையுள்ள அதிகாரங்களே அவை. பவுல் ஓர் ஒலிவ மரத்தைக் காட்டுகிறார். அதன் கிளைகள் சில முறிந்தன. காட்டு ஒலிவக் கிளைகள் அதில் ஒட்டப்பட்டன. நம் தோட்டத்து ஒட்டுமாங்கன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய கிளை காய்க்கும். ஆனால் வேர் அதனுடையதன்று. கிளையே, வேரைப் பார்த்துச் செருக்காதே என்கிறார் பவுல். முறிந்த கிளையை மீண்டும் ஒட்டவும் கடவுள் வல்லவர். அவர் கொடுத்ததைத் திரும்பப் பறிப்பவரல்லர் என்றும் முடிக்கிறார். யூதர் இவ்விளக்கத்தை ஏற்பதில்லை. எங்கள் வேரைப் பற்றிப் பேச எங்களுக்கே தெரியும் என்பது அவர் கூற்று. அதுவும் முறையே.

பிறப்பா, நம்பிக்கையா?

வாக்குக்கு உரியவர் பிறப்பினாலா, நம்பிக்கையினாலா என்ற வழக்கு மட்டாஞ்சேரித் தெருவிலேயே நடந்திருக்கிறது. 1568இல் எழுந்த அந்தப் பரதேசி தொழுகைக்கூடத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதருக்குச் சம உரிமை நெடுங்காலம் இல்லை. மறையோதும் வழியிலும் அமரும் இடத்திலும் வேற்றுமை இருந்தது. அவ்வகுப்பில் பிறந்தவர் ஏ. பி. சேலம் (1882–1967). சென்னையில் பட்டம் பெற்ற வழக்கறிஞர். ‘யூத காந்தி’ என்று போற்றப்பட்டவர். கூடத்திற்குள்ளேயே அவர் நடத்திய அறப்போரினால் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. சாதியை நாம் எங்கும் கொண்டுசெல்கிறோம் என்பதற்கு இது சான்று அன்றோ?

கிறித்தவரும் இதில் சளைத்தவரல்லர். அதே மட்டாஞ்சேரியில் 1653 சனவரி 3இல், சிலுவையில் கயிறு கட்டி அதைப் பற்றிக்கொண்டு, இயேசு சபைப் பேராயருக்கு இனி அடங்கோம் என்று மார்த்தோமாக் கிறித்தவர் உறுதி பூண்டனர். ‘கூனன் குரிசு சத்தியம்’ என்பது அதுவே. அவ்வாறு உரிமைக்கு எழுந்த மக்களே, தாழ்த்தப்பட்டோர் தம்மிடையே கிறித்தவராய் வந்தபோது தனிக்கோயில் காட்டினர். தமிழகத்துச் சபைகளின் கல்லறைச் சுவர்களும் இதே கதை சொல்லும். இந்நிலையில்தான், சென்னை குருகுல் இறையியற் கல்லூரியில் பணியாற்றிய அரவிந்த் நிர்மல் போன்றோர், மக்களென எண்ணப்படாதோரைக் கடவுள் தம் மக்களாக்கினார் என்ற இஸ்ரவேலின் கதையைத் தலித் மக்களின் கதையாகப் படித்துக் காட்டினர். என் பாட்டி, ‘நாமதாம்யா’ என்றதன் ஆழம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு காலத்தில் மேலாடைக்கே போராட வேண்டியிருந்த மக்களின் பேத்தி அவர். அவருக்கு அச்சொல் நிலப்பட்டயம் அன்று. நானும் ஒரு மனுஷி என்ற சான்றிதழ்.

பெயரைக் கடன் பெற்றவன்

காலணியைக் கழற்றிவிட்டு அக்கூடத்தினுள் நின்றேன். விளக்குகள் தொங்கின, ஆள் இல்லை. 1950களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தனர். நெகேவ் பாலைநிலத்தில் நெவாத்தீம் என்னும் ஊரில் பயிர் செய்தனர். இத்தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹென் அம்மையார் 2019இல் தம் 96ஆம் அகவையில் மறைந்தார். “இப்போது தொழுகை உண்டா?” என்று தெருவில் ஒரு முதியவரைக் கேட்டேன். “பத்து ஆணுங்க வேணம், மோனே. பத்துக்கு எங்கே போக?” என்றார். கூட்டுத்தொழுகைக்குப் பத்து ஆடவர் வேண்டுமென்பது யூதர் முறை.

அப்பெயரை அவர்களிடமிருந்து பெற்றவன் நான். அதனை விட்டுவிட என்னால் இயலாது. விட்டால் பாட்டியின் வேண்டுதலே பொருளற்றதாகும். ஆனால் பெற்றதைப் பறித்ததாக ஆக்காமலிருக்க இயலும். இன்று என் விடை இதுதான்: நான் ஒட்டுக்கிளை. வேரை இகழேன், யூதரை வெறுக்கும் பேச்சு எங்கெழுந்தாலும் மறுப்பேன். அதே வாக்கைக் காட்டி ஓர் அரசு செய்வதையெல்லாம் கடவுள் பெயரால் ஏற்கவும் மாட்டேன். ஆபிரகாமுக்குச் சொன்ன மூன்றாம் வாக்கு, எல்லா இனங்களும் வாழ்த்துப் பெறும் என்பதன்றோ? ஓரினத்தின் அழிவைக் கேட்கும் விளக்கம் எதுவாயினும், அது பட்டயத்தைப் பிழைபடப் படித்த விளக்கமே.

சேரமன்னனின் செப்பேடும் இதையே கூறுகிறது. கடல் கடந்து வந்த ஒருவருக்கு அவன் இடம் தந்தான். மணந்துவந்த மருமகனையும் விட்டுவிடவில்லை. அம்மன்னன் மரபு இன்று இல்லை. பெற்றவர் வழியும் இத்தெருவில் அற்றுப்போகும் நிலையில் உள்ளது. எனினும் கொடுத்த சொல் நிற்கிறது.

நண்பர்களே, அடுத்த முறை மட்டாஞ்சேரிக்குச் சென்றால் ஓடுகளை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். அந்த வெறுங்கூடத்தில் ஒரு நாழிகை அமர்ந்து வாருங்கள். உணவுக்கூடத்தில் விட்ட வாதத்தை அதன்பின் தொடர்வோம்.