சீலோம் தெருவில் மாரியம்மன்

மாரியம்மனைத் தெரியாத தமிழர் உண்டா? சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டங்களில், லயங்களுக்கு நடுவே அவள் இருக்கிறாள். மலைக்குக் கீழே கம்பத்திலும் இருக்கிறாள். பிழைப்புத் தேடிப் போனவர்கள் போன இடமெல்லாம் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தாய்லாந்து நாட்டின் தலைநகரான பாங்காக்கிலும் அவளுக்கு ஒரு கோயில் உண்டு. நவராத்திரி வந்தால் அந்தத் தெருவே விழாவுக்குத் தயாராகும். தயாராகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர் அல்லர். தாய்லாந்து மக்கள்!

சென்னையிலிருந்து பாங்காக்குக்கு விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரம். நம் ஊரில் ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் மேடேறும் காலை 6 மணிக்கு, அங்கே 7.30 ஆகியிருக்கும். கோயில் இருக்கும் இடம் சீலோம் சாலை. வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த சாலை அது. தலைக்கு மேலே பாலத்தில் மின்சார ரயில் ஓடும். கீழே, ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட பைக் ஓட்டிகள் சவாரிக்குக் காத்திருப்பார்கள். அதிகாலையில் புத்த பிக்குகள் பிச்சைப் பாத்திரத்தோடு நடந்து வருவார்கள். மக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களுக்குச் சோறு இடுவார்கள். அலுவலகம் போகிறவர்கள் தள்ளுவண்டியில் ஒட்டரிசிச் சோறும் சுட்ட பன்றி இறைச்சியும் வாங்கிக்கொண்டு ஓடுவார்கள்.

இப்படிப்பட்ட தெருவில்தான் வண்ண வண்ணச் சிலைகளோடு கோபுரம் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில் இது. அப்போது அந்த நாட்டுக்குச் சயாம் என்று பெயர். சூலாலங்கோர்ன் என்னும் மன்னர் ஆண்டுவந்தார். உள்ளே மாரியம்மனோடு பிள்ளையாரும் முருகனும் இருக்கிறார்கள். புத்தர் சிலையும் உண்டு.

கோயிலுக்கு அந்த ஊர் மக்கள் வைத்திருக்கும் பெயர் 'வாட் கேக்'. 'வாட்' என்றால் கோயில். 'கேக்' என்றால் விருந்தாளி. இந்தியர்களையும் மலாய்க்காரர்களையும் அரபு நாட்டவரையும் அவர்கள் 'கேக்' என்றுதான் சொல்வார்கள். அன்பாகச் சொன்னால் அது விருந்தாளி. ஏளனமாகச் சொன்னால் அந்நியன். சொல் ஒன்றுதான், சொல்லும் குரல்தான் வேறு. நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தவரும் 'விருந்தாளி'தானா? 'பாண்டி' என்று அழைக்கப்பட்ட தமிழர்களுக்கு இந்தக் கேள்வி சட்டென்று விளங்கும்.

நவராத்திரி அமாவாசைக்கு மறுநாள் தொடங்குகிறது அல்லவா? பல ஆண்டுகளில் அதே நாட்களில் பாங்காக்கில் இன்னொரு விழாவும் வரும். அது அங்குள்ள சீனர்களின் சைவ விழா. ஒன்பது நாள் கறி, மீன், முட்டை, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. பால்கூடக் கிடையாது. சைவக் கடை எது என்று தெரிய மஞ்சள் கொடி கட்டுவார்கள். கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும். பலர் வெள்ளை உடுத்துவார்கள். மாரியம்மன் கோயிலுக்கு வரும் தாய்லாந்து மக்களிலும் பலர் வெள்ளை உடுத்தி வருகிறார்கள். இங்கே அம்மனுக்குப் பால் உண்டு. பக்கத்துத் தெருவில் விரதக்காரருக்குப் பால் ஆகாது! இரண்டும் சண்டையில்லாமல் நடக்கின்றன.

கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் பூசைத் தட்டுகள் அடுக்கப்படும். தேங்காய், வாழைப்பழம், கரும்பு, பூமாலை எல்லாம் ஒரே தட்டில் இருக்கும். மாலையில் பெரும்பகுதி செண்டுமல்லி. ஓணத்துக்குக் கேரளம் வாங்குகிற அதே பூதான். தாய் மொழியில் அதன் பெயர் 'தாவ் ருவாங்'. 'தாவ்' என்றால் நட்சத்திரம், 'ருவாங்' என்றால் ஒளிர்வது. ஆற்றோரத்தில் 'பாக் குளோங் தலாட்' என்ற பெரிய பூச்சந்தை இருக்கிறது. அங்கே இரவெல்லாம் வியாபாரம் நடக்கும். நம் பெண்கள் பூவை நாரில் கட்டுவார்கள். அங்கே நீண்ட ஊசியில் கோர்க்கிறார்கள். மல்லிகை மொட்டுகளை வரிசை பிசகாமல் கோர்ப்பது லேசான வேலை இல்லை. சிக்னலில் நிற்கும் கார்களுக்கு நடுவே அந்த மாலையை விற்றுப் பிழைப்பவர்களும் உண்டு.

விஜயதசமி அன்று சீலோமில் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். சாலை ஓரமெங்கும் மேசைகள் வரும். மேசைமேல் அம்மன், பிள்ளையார் சிலைகள், விளக்கு, செண்டுமல்லி, குவியல் குவியலாகத் தேங்காய். மேசை போட்டவர்களில் கடைக்காரர்களும் அருள்வாக்குச் சொல்கிறவர்களும் இருப்பார்கள். வேலை கிடைக்க வேண்டும், குழந்தை பிறக்க வேண்டும், வியாபாரம் நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் தரையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். இரவில் ஊர்வலம் புறப்படும். முன்னே கரகம். பின்னால் காத்தவராயன், முருகன், அம்மன் என்று வரிசையாக வருவார்கள். காவடியும் உண்டு. மேளச் சத்தம் நெருங்க நெருங்க, இருபுறமும் தேங்காய்கள் உடையும். வங்கி வாசலில் இளநீர் ஓடும்.

இரவோடு இரவாகச் சாலையைத் துப்புரவு செய்தாக வேண்டும். காலையில் அலுவலகக் கூட்டம் வந்துவிடும். சைவ நாட்களும் முடிந்திருக்கும். இறைச்சி சுடும் தள்ளுவண்டிக்காரர் பழைய இடத்தில் வந்து அடுப்பைப் பற்றவைப்பார்.